முன்னால் போகிறவர்

லென் ஹால்ஸ்டெட் நின்றார். பின்னால் வந்த கணவனும் மனைவியும் நின்றார்கள்.

கொஞ்ச தூரம் நடந்தார். அவர்களும் நடந்தார்கள். குனிந்து பூட்ஸ் கயிற்றை இறுக்கிக் கட்டுகிற மாதிரி பாவனை செய்தார். அவர்கள் மரியாதையாக அண்ணாந்து யார்க் பேராலயத்தின் கோபுரத்தைப் பார்த்தார்கள். அவர் எழுந்ததும் கோபுரத்தை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார்கள்.

லென் பர்ன்லிக்காரர். பர்ன்லி லங்காஷயரில் இருக்கிறது, யார்க் யார்க்ஷயரில். நடுவில் இருப்பது ஒரு மலைத்தொடர்தான். ஆனாலும் இந்தப் பக்கத்து ஆள் அந்தப் பக்கத்து ஆளை நம்பியதாக இதுவரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. லென் கால்சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். பர்ஸ் இருந்தது. அதைவிட முக்கியமான கார்ச்சாவியும் இருந்தது.

அந்தச் சாவிதான் இன்றைய விவகாரம்.

போன மாதம் மகள் டோனா வீட்டிலிருந்து திரும்பும்போது, காலமெல்லாம் போய்வந்த சாலையில், லென் ஒரு ரவுண்டானாவில் தப்பான பக்கம் திரும்பிவிட்டார். மனைவி பெரில் பக்கத்து சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் கண் விழித்தபோது எதிரே கடல் இருந்தது. பர்ன்லியில் கடல் கிடையாது.

"புது ரூட்டு," என்றார் லென்.

பெரில் வீடு வந்ததும் போனை எடுத்தாள். டோனாவிடம் சொன்னாள். டோனா டாக்டரிடம் சொல்லலாம் என்றாள். டாக்டர் என்ன சொல்வார் என்பது லென்னுக்குத் தெரியும். வயசானவன் கையிலிருந்து எதையாவது பிடுங்கச் சொல்லித்தான் டாக்டருக்குப் படிப்பே சொல்லித் தருகிறார்கள்.

வாழ்நாள் பூராவும் லாரி ஓட்டியவர் லென். ஸ்காட்லாந்துக்கு உருளைக்கிழங்கு கொண்டுபோனார், டோவருக்குக் குளியல் தொட்டி கொண்டுபோனார். ஒருத்தரிடமும் வழி கேட்டது கிடையாது. கேட்டால் சொல்லுவான், சொல்லுகிறவனுக்கு நாம் போய்ச் சேர்ந்தால் என்ன, சேராவிட்டால் என்ன?

கல்யாண நாளுக்கு என்று யார்க் வந்து ஓட்டலில் தங்கிய இரண்டாம் நாள் காலை, பன்றிக்கறித் துண்டுக்கும் முட்டைக்கும் நடுவில் பெரில் கையை நீட்டினாள்.

"சாவியைக் கொடு, லென். இனிமே பஸ்ல போய்க்கலாம்."

"பஸ்ஸை எவனோ ஓட்டுறான். அவன் கடலுக்குக் கொண்டுபோனா?"

"அவன் கடலுக்குப் போறதுன்னா முன்னாடி போர்டுல எழுதிட்டுப் போவான்."

லென் முட்டையை வெட்டினார்.

"சரி, ஒண்ணு பண்ணு," என்றாள் பெரில். "இன்னிக்கு இந்த ஊரை நீ தனியாச் சுத்திப் பாரு. நாலு மணிக்குக் கோட்டை மேட்டுக்கு எதிர்ல இருக்கிற டீக்கடைக்கு வந்து சேரு. ஒருத்தர்கிட்டயும் வழி கேக்கக் கூடாது. வந்துட்டா சாவி உன்னோடது. நானும் டோனாவும் அதைப் பத்தி வாயே திறக்க மாட்டோம்."

"வரலைன்னா?"

"அப்புறம் நீ ஓட்ட வேண்டாம்."

"நீ என்ன பண்ணப்போறே?"

"நான் கைடோட போறேன். மனுஷங்க மாதிரி டிக்கெட் வாங்கி. எல்லாத்தையும் எடுத்துச் சொல்லுவாங்களாம்."

"உன் கண்ணு முன்னாடி நிக்கிறதை உனக்கே சொல்றதுக்கு அவனுக்குக் காசு," என்றார் லென்.

ஓட்டல் மேசையில் சும்மா கிடந்த வரைபடத்தை எடுத்துக்கொண்டார். பேராலயத்தில் ஆரம்பித்து, ஊரைச் சுற்றியுள்ள பழைய மதில்மேல் நடந்து, இறங்கி, பழைய தெருக்கள் வழியாக ஆற்றங்கரைக்குப் போய், கோட்டை மேட்டில் முடிகிறது. யார் துணையும் வேண்டாம், நீங்களே நடந்து பார்க்கலாம் என்று மேலே போட்டிருந்தது. லென்னுக்கு அந்த வரி பிடித்திருந்தது.

ஆகவேதான் பின்னால் வந்த இருவரையும் பிடிக்கவில்லை.

"முன்னாடி போங்க," என்று வழி விட்டார்.

"அட, பரவால்ல. நீங்க போங்க," என்றார் பச்சைத் தொப்பி போட்ட கணவர்.

"நான் இங்க கொஞ்சம் நிக்கப்போறேன்."

"தாராளமா. எங்களுக்கும் அவசரம் இல்ல."

லென் சுவரோரமாக நின்று வரைபடத்தைத் தூரமாகப் பிடித்துப் படித்தார். அவர்கள் அவருக்குப் பின்னால் சுவரோரமாக நின்றார்கள். அது போதும். சுவரோரமாக மூன்று பேர் ஒருத்தர் பின்னால் ஒருத்தர் நின்றால் இங்கிலாந்தில் நாலாவது ஆள் தானாக வந்துவிடுவார். பை நிறையக் காய்கறியோடு வந்த ஒரு பெண்மணி நின்றாள். "இதுதானே கடைசி?" என்று மட்டும் கேட்டாள். எதற்கு வரிசை என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்பது அநாகரிகம். முன்னாலேயே நிற்பவர்களுக்கு அறிவில்லை என்று சொல்வது போல ஆகிவிடும்.

லென் வரைபடத்தைப் படித்து மடித்து நிமிர்ந்தபோது வரிசை பேராலயத்தின் மூலை திரும்பியிருந்தது.

எதற்கு இவ்வளவு பேர் நிற்கிறார்கள் என்று அவருக்குப் புரியவில்லை. யார்க்ஷயரில் எதையோ சும்மா கொடுக்கிறார்கள் போல என்று நினைத்தார். அப்படி ஒன்று நடக்காது என்று உடனே தோன்றியது. நடந்தார். வரிசையும் நடந்தது.

மதில்மேல் ஏறிவிட்டால் தொல்லை விட்டது என்று கணக்குப் போட்டார். படி செங்குத்து, பாதை ஒடுக்கம். சுற்றிப் பார்க்க வந்தவர்களுக்குக் கால் வலிக்கும், கீழேயே நின்றுவிடுவார்கள். விறுவிறுவென்று ஏறினார்.

பாதை ஒடுக்கமாக இருந்ததால், அதுவரை வரிசையில் சேராமல் தனித்தனியாக நடந்துகொண்டிருந்தவர்களும் இப்போது வரிசையாகிவிட்டார்கள். அவரை முந்தவும் வழியில்லை, அவர் திரும்பவும் வழியில்லை. ஒரு பக்கம் கல், ஒரு பக்கம் பள்ளம். தூறல் வேறு ஆரம்பித்தது. குடையை விரித்தார். காற்று ஒரே வீச்சில் அதைத் தலைகீழாகத் திருப்பியது. சரிசெய்வதற்காகக் குடையைத் தலைக்கு மேலே தூக்கி உதறினார்.

பின்னாலிருந்தவர்கள் எல்லாரும் சட்டென்று நின்று, குடை காட்டிய திசையைப் பார்த்தார்கள்.

பச்சைத் தொப்பிக்காரருக்குப் பின்னால் நின்ற ஒரு பெண்மணி முன்னே கழுத்தை நீட்டினாள். மிஸ் ஃபேர்பர்ன் என்று பெயர். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். இரண்டையும் யாரும் கேட்காமலேயே சொன்னாள்.

"அந்தச் சின்னக் கோபுரம் என்னதுங்க?"

லென்னுக்குத் தெரியாது. தெரியாது என்று சொன்னால் விடமாட்டாள். வாயில் வந்ததைச் சொன்னார்.

"பிஷப் அதுல வாத்து வளத்தாரு."

"வாத்தா?"

"பிஷப்புக்கு முட்டைன்னா உசிரு."

இதைக் கேட்டால் கோபித்துக்கொண்டு இறங்கிப் போவாள் என்று எதிர்பார்த்தார். அவள் தலையாட்டிவிட்டுத் திரும்பி, "பின்னாடி சொல்லுங்க, பிஷப் வாத்து வளத்த இடமாம்," என்றாள். வாத்து வாய்க்கு வாய் பின்னால் போய்க்கொண்டே இருந்தது. எங்கே முடிந்தது என்று லென்னுக்குத் தெரியவில்லை.

மதிலிலிருந்து இறங்கியதும் இதற்கு ஒரு முடிவு கட்டுவது என்று தீர்மானித்தார். ஒரு திண்டின் மேல் ஏறி நின்று திரும்பினார்.

"இங்க பாருங்க. நான் கைடு இல்ல. இந்த ஊரைப் பத்தி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. நான் பர்ன்லி."

எல்லாரும் சிரித்தார்கள். மனம்விட்டு, சத்தம் அதிகமில்லாமல், நனைந்த ஆங்கிலேயர்கள் சிரிக்கிற மாதிரி.

"போன வருஷம் பாத் நகரத்துல எங்களைக் கூட்டிட்டுப் போனவரும் இப்படித்தான் ஆரம்பிச்சாரு," என்றார் பச்சைத் தொப்பிக்காரர் தன் மனைவியிடம். "ஆனா இவரு முகத்துல ஒரு சிரிப்புகூட இல்ல பாரு. தொழில் தெரிஞ்ச ஆளு."

"காசு யாருக்குக் கொடுக்கணும்?" என்று நடுவிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"யாருக்கும் கொடுக்காதீங்க," என்றார் லென். அன்றைக்கு அவர் மனசாரச் சொன்ன வார்த்தை அதுதான். அதிலிருந்து அவர் மேல் அவர்களுக்கு இருந்த மதிப்பு இன்னும் ஏறிவிட்டது.

கடைசியில் வரைபடத்தை எடுத்து மிஸ் ஃபேர்பர்ன் கையில் திணித்தார்.

"இந்தாங்க. எல்லாம் இதுல இருக்கு. நீங்களே பாத்துக்கிட்டு நீங்களே போங்க."

"ரொம்ப நன்றி," என்றாள் அவள். ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பின்னால் இருந்தவருக்குக் கொடுத்தாள். அவர் பார்த்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுத்தார். தான் மட்டும் வைத்துக்கொள்ள யாருக்கும் மனசு வரவில்லை. வரைபடம் வாத்து போன வழியே போனது.

எல்லாரும் மறுபடி லென்னைப் பார்த்தார்கள்.

இப்போது அவரிடம் வரைபடம் இல்லை. திருப்பிக் கேட்கலாம். ஆனால் கேட்டால் வழி தெரியாது என்று அர்த்தம், வழி கேட்ட மாதிரியும் ஆகும். பெரிலோடு போட்ட ஒப்பந்தத்தில் ஏமாற்றுகிற ஆள் இல்லை அவர். யார்க்ஷயர்காரனாக இருந்தால் வேறு.

சந்துக்குள் ஒரு சின்ன தேவாலயம் இருந்தது. கதவு திறந்திருந்தது. உள்ளே நுழைந்து, முன் பெஞ்சில் உட்கார்ந்து, முகத்தைக் கையால் மூடிக்கொண்டு குனிந்தார். பொழுது போக்க வந்தவர்கள், வெளியில் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுக் கலைந்துவிடுவார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து விரல் இடுக்கு வழியாகப் பார்த்தார். பெஞ்செல்லாம் நிரம்பியிருந்தது. எல்லாரும் குனிந்திருந்தார்கள். உட்கார இடம் கிடைக்காதவர்கள் வாசலுக்கு வெளியே குடை பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார்கள்.

பக்கத்து அறையிலிருந்து பாதிரியார் ஒரு கோப்பை டீயோடு வந்தார். நின்றார். வேலைநாளில் இவ்வளவு தலைகளை அந்தக் கோயில் பார்த்துப் பல காலம் ஆகியிருக்கும். டீயை ஒரு தூணின் அடியில் வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிரார்த்தனையை ஆரம்பித்துவிட்டார். இரண்டு பாட்டு. நடுவில் பிரசங்கம். மந்தையை விட்டுத் தொலைந்துபோன ஆட்டைப் பற்றி நிதானமாகப் பேசினார். எழுந்து போய்விடலாம் என்றால், பிரசங்கத்தின் நடுவில் முன் பெஞ்சிலிருந்து எழுந்து போனவனை இந்த நாட்டில் கொலைகாரனுக்கு அடுத்தபடியாகத்தான் வைப்பார்கள்.

முடிந்ததும் பாதிரியார் ஓடிவந்து லென்னின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"உங்க ஆளுங்களை அடிக்கடி கூட்டிட்டு வாங்க."

"என் ஆளுங்க இல்ல."

"என்ன தன்னடக்கம்," என்றார் பாதிரியார் மிஸ் ஃபேர்பர்னிடம்.

"நாள் பூரா இப்படித்தான்," என்றாள் அவள்.

வெளியில் வந்தபோது மூன்றரை தாண்டிவிட்டிருந்தது. லென் வேகமாக நடந்தார். மேல்மாடிகள் ஒன்றையொன்று முட்டுகிற மாதிரி சாய்ந்து நிற்கும் ஒரு குறுகலான தெரு வந்தது. அதைக் கடந்து இடப்பக்கம் திரும்பி, மறுபடி இடப்பக்கம் திரும்பினார். இன்னொரு தெரு வந்தது. மேல்மாடிகள் சாய்ந்து நின்றன. அதே சாக்லேட் கடை, அதே சிவப்புக் கதவு.

"ரெண்டாவது தடவை பாக்குறப்பதான் இதோட அழகு தெரியுது," என்றார் பச்சைத் தொப்பிக்காரர்.

லென் திரும்பி வேறு சந்தில் நுழைந்தார். அது வளைந்து வளைந்து போய், சிவப்புக் கதவுக்குப் பக்கத்தில் விட்டது.

அங்கே நின்றுவிட்டார். எந்தப் பக்கம் வந்தோம் என்று யோசித்தார். தெரியவில்லை. எந்தப் பக்கம் போக வேண்டும் என்று யோசித்தார். அதுவும் தெரியவில்லை. அந்த ரவுண்டானாவில் இருந்ததும் இதே மாதிரிதான். சாலை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. போர்டும் இருந்தது. எதையும் முன்னால் பார்த்த மாதிரி இல்லை, அவ்வளவுதான். அதை அவர் பெரிலிடம் சொல்லவில்லை. புது ரூட்டு என்றுதான் சொன்னார்.

பின்னால் ஊர்ப்பட்ட ஜனம் நிற்கிறது. ஒருத்தரிடமும் கேட்க முடியாது. கையைப் பைக்குள் விட்டுச் சாவியைப் பிடித்துக்கொண்டார்.

"மெதுவாவே போலாம்," என்றாள் மிஸ் ஃபேர்பர்ன். "பின்னாடி முட்டி வலிக்காரங்களும் இருக்காங்க. நீங்க அப்பப்ப நின்னு போறது அவங்களுக்கு எவ்வளவு சௌகரியம் தெரியுமா?"

லென் நேரே நடந்தார். தெருமுனையில் வேறொரு கூட்டத்தின் வால் அவருக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு கிழவி, பிளாஸ்டிக் மழைத்தொப்பியைக் காது வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, நொண்டி நொண்டி நடந்தாள்.

"இன்னொரு கைடு கூட்டம்," என்று முணுமுணுத்தார். "காசையும் குடுத்து, நனையவும் நனையுதுங்க."

அந்தக் கூட்டத்தில் போய் மாட்டிக்கொள்ளக்கூடாது என்று சட்டென்று வலப்பக்கச் சந்தில் திரும்பினார். அது சரிவாக இறங்கியது. மழைத்தண்ணீர் கல்லுக்குக் கல் தாவி அவருக்கு முன்னால் ஓடியது. தண்ணீர் யாரையும் ஏமாற்றாது, ஆற்றுக்குத்தான் போகும். ஆற்றைப் பிடித்தார். கரையோடு நடந்தார். வீடுகளுக்கு மேலே புல்மேடும் அதன் உச்சியில் மொட்டையான வட்டக் கோட்டையும் தெரிந்தன.

எதிரே டீக்கடை.

உள்ளே போனதும் முதலில் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். நாலு பத்து.

பெரிலைக் காணவில்லை. வந்து பார்த்துவிட்டுக் கோபித்துக்கொண்டு ஓட்டலுக்குப் போயிருப்பாள் என்று நினைத்தார். உடைந்த குடையைக் கதவோரம் போட்டுவிட்டு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். வெளியில் அவர்கள் நிற்பார்கள் என்று தெரியும். பார்க்க விரும்பவில்லை.

பரிமாறுகிற பெண் வந்தாள். நடுவயசு, முழங்கை வரை மடித்துவிட்ட சட்டை.

"என்ன வேணும், கண்ணு?"

"டீ."

"கூட ஒரு ஸ்கோன் பன்னு?"

"அதுக்கு எவ்வளவு சேத்துப் போடுவீங்க?"

"பர்ன்லியா?" என்றாள் அவள். டீ மட்டும் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு ஜன்னலோரம் போய்க் கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

லென் சாவியை எடுத்து மேசை நடுவில், சர்க்கரைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார். டீயைக் குடிக்கவில்லை.

கதவு மணி அடித்தது. பெரில் மழைத்தொப்பியை உதறிக்கொண்டே வந்து எதிரே தொப்பென்று உட்கார்ந்தாள்.

"கோச்சுக்காத, லென். லேட்டாயிடுச்சு. இந்த முட்டி."

"நானும் லேட்டுதான். நான் வந்தப்ப நாலு பத்து."

"நான் பாக்கலயே."

"நான் பாத்தேன்."

சாவியை அவள் பக்கம் தள்ளினார். பெரில் அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். சாவியை எடுத்துக் கைப்பைக்குள் போட்டாள். பையை மூடிய சத்தம் பெரிதாகக் கேட்டது.

"யார்கிட்டயாவது கேட்டியா?"

"இல்ல."

"வழி தப்பிப் போனியா?"

"ஆமா."

"பயமா இருந்துச்சா?"

லென் டீயைக் கலக்கினார். சர்க்கரை போடவில்லை, சும்மா கலக்கினார்.

"கொஞ்சம்."

பெரில் மேசைமேல் கையை நீட்டி அவர் மணிக்கட்டைத் தொட்டாள். "எங்களோட வந்திருக்கலாம்ல? ஒரு கஷ்டமும் இல்ல. டிக்கெட்கூட ஒருத்தரும் கேக்கல. வரிசை நின்னுச்சு, கடைசியில போய் நின்னுட்டேன். அங்கங்க நின்னு என்னென்ன காட்டினாரு தெரியுமா? மதில்மேல ஒரு கோபுரம் இருக்கே, அதுல..."

"கைடு விடுற கதையெல்லாம் எனக்கு வேணாம்."

"கதை இல்ல, லென். நல்லாத் தெரிஞ்ச மனுஷன். நான் மூஞ்சியைக்கூடப் பாக்கல, எங்கயோ முன்னாடி போனாரு. ஆனா ஒரு பதட்டம் கிடையாது. நொண்டிக்கிட்டு வர்றவங்களுக்காக நின்னு நின்னு கூட்டிட்டுப் போனாரு." கைப்பையை மடியில் நகர்த்தி வைத்துக்கொண்டாள். "அந்த மாதிரி ஒருத்தர் கார் ஓட்டினா நான் பக்கத்துல உக்காந்து நிம்மதியாத் தூங்குவேன். நீ மனசுல வெச்சுக்காத. உன்னைக் குத்திக்காட்டச் சொல்லல."

"நீ தூங்கு," என்றார் லென். "அவன் கடலுக்குக் கொண்டுபோவான்."

பரிமாறுகிற பெண் கையில் பில் புத்தகத்தோடு வந்து நின்றாள். ஜன்னலை ஒரு தடவை பார்த்தாள். மேசைமேல் சொட்டிக்கொண்டிருந்த மழைத்தொப்பியைப் பார்த்தாள். அப்புறம் லென்னைப் பார்த்தாள்.

"ஏன் கண்ணு, நீங்க கூட்டிட்டு வந்த வரிசையில வாலாட்டம் நொண்டிக்கிட்டே வந்த அம்மா இவங்கதானே, வெளிய நிக்கிற மத்தவங்க டீயையும் சேத்து ஒரே பில்லாப் போட்டுடவா?"